மேற்பரப்பு உராய்வு தாழ்மேகங்களை எப்படி மாற்றுகிறது: கணக்கிட்டு அறியும் முறை

தரையும் கடலும் காற்றை உரசித் தடுக்கின்றன என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் அந்த உராய்வு, ஓரிரு கிலோமீட்டர் உயரத்துக்குள் உருவாகி மறையும் திரள் மேகங்களையும் (தனித்தனிக் குவியல்கள்) படைத்திரள் மேகங்களையும் (பரந்த அடுக்காகச் சேர்ந்த குவியல்கள்) கூட்டுமா, குறைக்குமா என்று கேட்டால், ஒரு சொல்லில் விடை கூற இயலாது. உராய்வு மேகத்தை நேரடியாகத் தொடுவதில்லை. காற்றைக் கலக்கும் கொந்தளிப்பு, நீர் ஆவியாகும் வேகம், காற்றின் திசைத் திருப்பம் ஆகிய மூன்று வழிகளில்தான் அதன் விளைவு மேலே சென்று சேருகிறது. இந்த மூன்றும் எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணால் அளந்து, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட பரப்பின் மேல் எது மேலோங்குகிறது என்று பார்ப்பதே சரியான வழி. அதைச் செய்யும் முறையை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

இதற்குத் தேவையானவை அதிகமில்லை. 10 மீட்டர் உயரத்தில் அளந்த காற்று வேகம், தரையருகே வெப்பநிலை, பனிநிலை (காற்று குளிரும்போது எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்குமோ அது), காலையில் விடப்பட்ட ரேடியோசோண்டு பலூன் தந்த உயரவாரி விவரம், செயற்கைக்கோளின் சில படங்கள் ஆகியவை போதும். கணக்குகளை ஒரு சாதாரண அறிவியல் கால்குலேட்டரிலேயே முடித்துவிடலாம்.

உராய்வை எண்ணாக்குதல்

முதலில் பரப்பின் சொரசொரப்பு நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும். இது மரத்தின் உயரமோ அலையின் உயரமோ அன்று. தரையருகே காற்று வேகம் உயரத்தோடு மடக்கைப் போக்கில் கூடுகிறது; அந்தப் போக்கைக் கீழ்நோக்கி நீட்டினால் வேகம் சுழியாகும் உயரமே சொரசொரப்பு நீளம். அமைதியான கடலுக்கு அது ஏறத்தாழ 0.0002 மீட்டர், குட்டைப் புல்வெளிக்கு 0.03 மீட்டர், வளர்ந்த பயிருக்கு 0.1 மீட்டர், அடர்ந்த காட்டுக்கு 1 மீட்டர் அளவில் இருக்கும். கடலின் சொரசொரப்பு மட்டும் நிலையானதன்று. காற்று வலுத்தால் அலை எழும், அலை எழுந்தால் உராய்வும் கூடும். சார்னாக் என்பவர் 1955இல் தந்த தொடர்பின்படி, அது உராய்வுத் திசைவேகத்தின் (உராய்வின் வலிமையை வேக அலகில் காட்டும் எண்) இருமடிக்கு ஏற்ப மாறுகிறது.

அடுத்து அந்த உராய்வுத் திசைவேகத்தையே கணக்கிட வேண்டும். காற்று வேகத்தை 0.4 ஆல் பெருக்கி, அளந்த உயரத்தைச் சொரசொரப்பு நீளத்தால் வகுத்து வரும் எண்ணின் இயல் மடக்கையால் வகுத்தால் அது கிடைத்துவிடும். 10 மீட்டர் உயரத்தில் காற்று விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். புல்வெளியில் 10ஐ 0.03 ஆல் வகுத்தால் 333 வரும். அதன் இயல் மடக்கை 5.81. ஆகவே உராய்வுத் திசைவேகம் விநாடிக்கு 0.41 மீட்டர். கடலில் அதே கணக்கு 0.22 மீட்டர் தருகிறது. உராய்வு விசை இந்த எண்ணின் இருமடியைப் பொறுத்தது என்பதால், புல்வெளி கடலைப் போல மூன்றரை மடங்கு உராய்வைத் தருகிறது என்று முடிவு வரும்.

இந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கடலின் மேலும் புல்வெளியின் மேலும் 10 மீட்டர் உயரத்தில் ஒரே வேகம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டதே ஒப்பீட்டைக் கோணலாக்கிவிடுகிறது. சொரசொரப்பான பரப்பு அந்த உயரத்திலேயே காற்றை மெதுவாக்கியிருக்கும். உராய்வு அவ்வளவாக எட்டாத உயரத்தில் வீசும் காற்றைச் சமமாக வைத்துத்தான் இரு பரப்புகளையும் ஒப்பிட வேண்டும். 200 மீட்டர் உயரத்தில் இரு இடத்திலும் விநாடிக்கு 10 மீட்டர் என்று வைத்தால், கடலில் 0.29, புல்வெளியில் 0.45 என்று வருகிறது. உராய்வு விசையின் விகிதம் இரண்டரை மடங்காகக் குறைந்துவிடுகிறது. மடக்கை வாய்பாட்டை 200 மீட்டர் வரை இழுப்பது கொஞ்சம் தாராளம்தான், மேலும் வெயில் நேரத்தில் அது உராய்வைச் சற்றுக் குறைத்தே காட்டும். ஆனாலும் தோராயக் கணிப்புக்கு இது போதும். காட்டுக்குக் கணக்கிடும்போது, உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல், மர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்து அளக்க வேண்டும்.

மேக அடிமட்டமும் கலக்கும் உயரமும்

தரையருகே உள்ள காற்று எவ்வளவு உயரம் ஏறினால் அதிலுள்ள நீராவி துளியாகும் என்பதைத் தோராயமாக அறிய எளிய விதி ஒன்று உண்டு. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை, பாகை செல்சியஸ் ஒன்றுக்கு 125 மீட்டர் வீதம் பெருக்க வேண்டும். வெப்பநிலை 31 பாகை, பனிநிலை 23 பாகை என்றால் மேக அடிமட்டம் 1000 மீட்டர். அதன் பிறகு, தரையிலிருந்து எழும் கொந்தளிப்பு எந்த உயரம் வரை காற்றைக் கலக்கிவிடுகிறது என்று பலூன் விவரத்தில் பார்க்க வேண்டும். கலக்கும் உயரம் மேக அடிமட்டத்தைத் தொட்டால் மேகம் தோன்றும். தொடாவிட்டால் வானம் வெறுமையாகவே இருக்கும். உராய்வின் விளைவு எதுவானாலும், அது இந்த இரண்டு உயரங்களில் ஒன்றையோ இரண்டையுமோ நகர்த்துவதன் மூலமே மேகத்துக்குச் சென்று சேருகிறது. ஆகவே இரண்டையும் தாளில் குறித்து வைத்துக்கொண்டு மேலே செல்வது நல்லது.

வெயிலே இல்லாமல் உராய்வு மட்டும் மேகத்தை உண்டாக்கும் நிலை

உராய்வின் பங்கு கலப்படமில்லாமல் தெரிவது இரவின் பிற்பகுதியிலும் விடியற்காலையிலும்தான். வெப்பம் தரும் மேலெழுச்சி அப்போது கிடையாது. காற்றைக் கலக்குவது உராய்வு மட்டுமே. இதை ஒரு முறையாவது எண்களோடு செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் வெளியிலிருந்து ஒரு துளி ஈரம்கூட வராமல் மேகம் பிறப்பதை இங்கே காணலாம்.

தரையிலிருந்து 400 மீட்டர் வரை வெப்பநிலை மாறாமல் 20 பாகையாக உள்ள அமைதியான இரவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பனிநிலை தரையில் 19.5 பாகை, 400 மீட்டரில் 18.5 பாகை. எந்த உயரத்திலும் காற்று நிறைவுறவில்லை. இப்போது மேலே காற்று வலுக்கிறது, தரை உராய்வால் கொந்தளிப்பு எழுகிறது, அந்த 400 மீட்டர் அடுக்கு முழுவதும் நன்றாகக் கலக்கப்படுகிறது. உச்சியிலிருந்த காற்றுக் கீழே வந்தால் அழுத்தத்தால் சூடேறி ஏறத்தாழ 24 பாகையை எட்டும். தரைக் காற்றின் 20 பாகையோடு அதைச் சராசரி பார்த்தால் 22 பாகை. ஆகவே கலந்த பின் தரையில் வெப்பநிலை 22 பாகை. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை குறைந்து உச்சியில் 18 பாகை. ஈரமும் சமமாகப் பரவிவிடுவதால் தரையில் பனிநிலை 19.4 பாகை அளவில் நிற்கும். வேறுபாடு 2.6 பாகை, 125 ஆல் பெருக்கினால் 325 மீட்டர். கலந்த அடுக்கோ 400 மீட்டர் உயரமுள்ளது. எஞ்சிய 75 மீட்டர் கனத்தில் ஒரு படைமேகம் உருவாகிவிடுகிறது.

இக்கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. தரையில் காற்று 20 பாகையிலிருந்து 22 பாகைக்குச் சூடேறி, முன்பிருந்ததைவிட உலர்ந்ததாகிறது. எனவே அதே உராய்வு தரைமூடுபனியைக் கலைத்து, மேலே படைமேகத்தை உண்டாக்கும். காற்று எழுந்ததும் மூடுபனி ‘உயர்ந்து’ மேகமாகிவிட்டது என்று சொல்லப்படும் காட்சி பெரும்பாலும் இதுதான். இதே கணக்கில் கலக்கும் உயரத்தை 400க்குப் பதில் 150 மீட்டர் என்று வைத்துச் செய்து பாருங்கள், மேகம் வராது. காற்று எவ்வளவு வலுக்கிறது என்பது மட்டும் போதாது. கொந்தளிப்பு எவ்வளவு உயரம் எட்டுகிறது என்பதே இங்கே முடிவு செய்கிறது. மேலடுக்கு மிக உலர்ந்திருந்தால், அதைக் கலந்து கீழே கொண்டுவருவது இருக்கும் மேகத்தையும் கரைத்துவிடும்.

பகலில் மேகங்கள் எடுக்கும் வடிவம்

வெயில் ஏறிய பிறகு தரைவெப்பம் தரும் மேலெழுச்சி உராய்வோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டில் எது ஆட்சி செய்கிறது என்பதை அளக்க ஓபுகோவ் நீளம் என்னும் அளவு பயன்படுகிறது. ஏறத்தாழ அந்த உயரத்துக்குக் கீழே உராய்வும், அதற்கு மேலே வெப்பமும் கொந்தளிப்பைத் தீர்மானிக்கின்றன. உராய்வுத் திசைவேகத்தின் மும்மடியை மேலே வைத்து, 0.4, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்த எண், தரையிலிருந்து எழும் வெப்பப் பாய்வு ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். வெப்பப் பாய்வு சதுர மீட்டருக்கு 200 வாட் என்றால், அதைக் காற்றின் அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் வகுத்தால் 0.166 வரும். உராய்வுத் திசைவேகம் 0.41 என்ற நம் புல்வெளிக்கு ஓபுகோவ் நீளம் 32 மீட்டர் அளவில் அமைகிறது.

கலக்கும் உயரமான 1000 மீட்டரை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 30. இந்த விகிதம் ஏறத்தாழ 25ஐத் தாண்டினால் மேலெழும் காற்று தனித்தனிக் கூடுகளாக அமையும்; திரள் மேகங்கள் ஒழுங்கின்றிச் சிதறி நிற்கும். அதே தரை, அதே வெயில், காற்று மட்டும் விநாடிக்கு 6 மீட்டரிலிருந்து 8.7 மீட்டராகக் கூடினால் உராய்வுத் திசைவேகம் 0.6 ஆகிறது, மும்மடியாக வருவதால் ஓபுகோவ் நீளம் 100 மீட்டரை நெருங்குகிறது, விகிதம் 10 ஆகச் சரிகிறது. இப்போது காற்றோட்டம் நீண்ட உருளைகளாக ஒழுங்குபட, மேகங்கள் காற்றின் திசையில் வரிசைகட்டி நிற்கும். வரிசைகளுக்கு இடைப்பட்ட தூரம் பெரும்பாலும் கலக்கும் உயரத்தின் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை இருக்கும். நம் எடுத்துக்காட்டில் அது 2 முதல் 4 கிலோமீட்டர்.

செயற்கைக்கோள் படத்தில் இதைச் சரிபார்ப்பது எளிது. பட அளவுகோலை வைத்து அடுத்தடுத்த பத்து வரிசைகளின் மொத்த அகலத்தை அளந்து பத்தால் வகுத்தால் சராசரி இடைவெளி கிடைக்கும். அதை மூன்றால் வகுத்தால் கலக்கும் உயரத்தின் தோராய மதிப்பு. பலூன் விவரத்தோடு அது பெரிதும் முரண்பட்டால், முதலில் ஐயப்பட வேண்டியது காலைப் பலூனுக்கும் படத்துக்கும் உள்ள நேர வேறுபாட்டைத்தான், ஏனெனில் கலக்கும் உயரம் நேரத்துக்கு நேரம் மாறுவது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வரிசையாக மாறுவதால் மேகப் பரப்புக் கூடிவிட்டது என்று பொருளில்லை. உராய்வு இங்கே மேகத்தை அடுக்கும் விதத்தை மாற்றுகிறது, அவ்வளவே.

ஆவியாதல் வழியாக வரும் விளைவு

கடலின் மேல் கணக்கு வேறு மாதிரி. ஆவியாதல் மூலம் மேலே செல்லும் உள்ளுறை வெப்பம், காற்று வேகத்தையும், கடற்பரப்பில் நிறைவுற்ற காற்றின் ஈரத்துக்கும் மேலே உள்ள காற்றின் ஈரத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பெருக்கி வருவது. வேகம் விநாடிக்கு 7 மீட்டர், ஈர வேறுபாடு கிலோகிராமுக்கு 5 கிராம், கடத்தல் கெழு (பரப்பிலிருந்து ஈரம் எவ்வளவு எளிதாக மேலே செல்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.0012 என்று வைத்து, காற்றின் அடர்த்தியாலும் நீரின் ஆவியாதல் வெப்பத்தாலும் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 126 வாட் வருகிறது. வேகம் 10 மீட்டரானால் 180 வாட். காற்றின் வேகம் கூடும்போது உராய்வுக் கெழு கூடிக்கொண்டே போகிறது. ஆவியாதலுக்கான கெழுவோ ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. எனவே உராய்வு இரட்டித்தால் ஆவியாதலும் இரட்டிக்கும் என்று எண்ணுவது பிழை.

ஆவியாதல் கூடினால் மேக அடிமட்டம் தாழும், மேகம் பெருகும் என்றுதான் முதலில் தோன்றும். சில மணி நேரத்துக்கு அது உண்மைதான். ஆனால் ஓரிரு நாள் காற்று வலுவாகவே வீசினால், மேகங்கள் உயர வளர்ந்து, மேலேயுள்ள வெப்பமான உலர்ந்த காற்றைக் கீழே இழுத்துவருகின்றன. கூடுதலாக ஏறிய ஈரத்தின் பெரும்பகுதி, மேக அடுக்கை உயரமாக்குவதிலேயே செலவாகிறது. உலகின் வர்த்தகக் காற்றுப் பகுதிகளில் வலுத்த காற்றில் காணப்படுவது, பரந்த மேகப் போர்வை என்பதைவிட, ஆழம் கூடிய மேக அடுக்கு. அட்லாண்டிக் வர்த்தகக் காற்று மேகங்களுக்கு ஆய்வாளர்கள் இட்ட சர்க்கரை, சரளை, மீன், பூக்கள் என்னும் பெயர்களிலும் இது எதிரொலிக்கிறது: சிறுமணிகளாகச் சிதறிய ‘சர்க்கரை’ மெல்லிய காற்றிலும், ‘சரளை’யும் ‘பூக்களும்’ வலுத்த காற்றிலும் மிகுதியாகத் தென்படுகின்றன.

திசைத் திருப்பம்

உராய்வு இல்லையேல் காற்று சம அழுத்தக் கோடுகளுக்கு இணையாக ஓடும். உராய்வு வேகத்தைக் குறைப்பதால், புவிச் சுழற்சியால் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் கொரியாலிஸ் விசை தளர்ந்து, காற்று தாழ்வழுத்தத்தை நோக்கித் திரும்புகிறது. கடலில் இந்தத் திருப்பம் 10 முதல் 20 பாகை, நிலத்தில் 30 பாகையையும் தாண்டக்கூடும். தாழ்வழுத்தத்தைச் சுற்றி இப்படி உள்ளே குவியும் காற்று மேலே எழ வேண்டியதாகிறது. அந்த மேலெழுச்சியைத் தோராயமாக அறிய, எக்மன் அடுக்கின் (உராய்வு காற்றைத் திருப்பும் கீழடுக்கு) உயரத்தைக் காற்றின் சுழல் அளவால் பெருக்கி 6.28 ஆல் வகுக்கலாம். உயரம் 1000 மீட்டர், சுழல் அளவு விநாடிக்கு லட்சத்தில் ஒரு பங்கு என்றால் விடை விநாடிக்கு 1.6 மில்லிமீட்டர்.

இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நாளில் இது 140 மீட்டர். உயரழுத்தப் பகுதிகளில் படைத்திரள் மேகங்களை மேலிருந்து அமுக்கும் இறங்குகாற்றும் 1000 மீட்டர் உயரத்தில் விநாடிக்கு 5 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. தாழ்மேகங்களின் உலகில் மில்லிமீட்டர்களே கணக்கு. சுழலின் திசை மாறினால் விளைவும் தலைகீழாகும்: உயரழுத்தத்தில் உராய்வு காற்றை வெளியே பரப்பி, இறங்குகாற்றுக்குத் துணைபோகிறது.

கடற்கரைகளில் இதைத் தனியே பார்க்க வேண்டும். வடகோளத்தில் கரைக்கு இணையாகக் காற்று வீசும்போது, காற்று போகும் திசையை நோக்கி நின்றால் நிலம் வலப்பக்கம் இருக்குமானால், நிலத்தின் மேலுள்ள காற்று உராய்வால் இடப்பக்கம் திரும்பிக் கடற்காற்றோடு முட்டும். கரையோரமாக ஒரு மேகக்கோடு எழும். நிலம் இடப்பக்கமானால் காற்று பிரிந்து கரையோரம் வெளுத்துக் கிடக்கும். தென்கோளத்தில் இடம் வலம் மாறும்.

கணினி மாதிரியில் பிரித்துப் பார்த்தல்

மூன்று வழிகளும் பின்னிக் கிடப்பதால், இயற்கையில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றைப் பார்க்க முடியாது. பெரிய சுழல்களை நேரடியாகக் கணிக்கும் மாதிரியில் அது முடியும். 1969இல் பார்படோஸ் தீவுக்கு அருகே நடந்த பொமெக்ஸ் என்னும் வானிலை ஆய்வுக் களப்பணியை அடிப்படையாகக் கொண்ட சோதனை அமைப்பு இதற்குப் பொருத்தமான தொடக்கம். மேக அடிமட்டம் 500 மீட்டரை ஒட்டியும் உச்சி 1500 மீட்டர் அளவிலும் நிற்கும் எளிய திரள் மேகங்கள் அதில் கிடைக்கும்.

ஆனால் அந்த அமைப்பில் ஒரு பொறி இருக்கிறது. அதன் வழக்கமான வடிவில் வெப்பப் பாய்வும் ஈரப் பாய்வும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டவை. உராய்வுத் திசைவேகமும் 0.28 என்று நிலைநிறுத்தப்பட்டது. ஆகவே சொரசொரப்பு நீளத்தை நூறு மடங்கு மாற்றினாலும் விடை அசையாது. முதல் ஓட்டத்தில் உராய்வுத் திசைவேகத்தை மட்டும் மாற்றிப் பாய்வுகளை அப்படியே விட வேண்டும். கொந்தளிப்பு, காற்றுச் சரிவு (உயரத்தோடு காற்று மாறும் அளவு) வழியாக வரும் விளைவு இதில் தெரியும். இரண்டாம் ஓட்டத்தில் உராய்வை நிறுத்தி வைத்துப் பாய்வுகளை மாற்ற வேண்டும். மூன்றாம் ஓட்டத்தில் எல்லாவற்றையும் சொரசொரப்பு நீளத்தோடு பிணைத்துவிடலாம். மூன்றாவதன் விளைவு முதலிரண்டின் கூட்டுத்தொகையோடு பொருந்தாவிட்டால், அந்த எச்சமே இரண்டும் ஒன்றையொன்று தூண்டும் அளவு.

ஒவ்வொரு ஓட்டத்தையும் தொடக்கச் சிறுமாற்றங்களை வேறுபடுத்திச் சிலமுறை நடத்த வேண்டும். இல்லாவிட்டால் மேகப் பரப்பில் தெரியும் வேறுபாடு உராய்வினாலா தற்செயலாலா என்று தெரியாது. ஓட்ட நேரமும் முக்கியம். அந்த அமைப்பு 6 மணி நேரத்துக்கானது. ஆனால் உராய்வை மாற்றினால் காற்றின் சமநிலை குலைந்து, 15 பாகை அகலாங்கில் ஏறத்தாழ 46 மணி நேர ஊசலாட்டம் தொடங்குகிறது. முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் விடை அந்த ஊசலின் ஒரு பக்கம் மட்டுமே. திசைத் திருப்பத்தால் வரும் குவிதலை ஒரு சிறு சதுரப் பரப்பு மாதிரி காட்டவே காட்டாது; அதைத் தனியே கணக்கிட்டு, மேலெழுச்சியாக மாதிரிக்கு வெளியிலிருந்து தர வேண்டும்.

படங்களில் சரிபார்த்தல்

நிலத்தில் இதைச் சோதிக்க, காடும் வெளியும் நேர்க்கோட்டில் பிரியும் சமதளமே ஏற்றது; மலை இருந்தால் உராய்வின் தடயம் அதில் மூழ்கிவிடும். பிரான்சின் தென்மேற்கிலுள்ள லாந்த் காடு இதற்குப் பெயர்போனது. கோடைப் பகல்களில் சுற்றியுள்ள நிலத்தைவிட அந்தக் காட்டின் மேல் திரள் மேகங்கள் அதிகமாகத் தென்படுவதும், 2009 ஜனவரியில் க்ளாஸ் புயல் மரங்களைச் சாய்த்த பிறகு அந்தக் கூடுதல் குறைந்ததும் செயற்கைக்கோள் பதிவுகளில் கண்டறியப்பட்டன. இதை மட்டும் வைத்து உராய்வுக்கே முழுப் பெருமையும் தருவது அவசரம். மரங்கள் சாய்ந்தபோது சொரசொரப்பு மட்டுமன்றி இலைகளின் நீர்விடுதலும், தரை வெயிலை வாங்கும் அளவும் சேர்ந்தே மாறின.

ஆகவே படங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே பிரித்தெடுக்க வேண்டும். பலூன் விவரமும் வெயிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் நாட்களை எடுத்து, அவற்றைக் காற்று மெலிந்தவை, வலுத்தவை என இரண்டாக வகுக்கவும். மண் ஈரம் மாறிவிடாதபடி மழைக்குப் பிந்திய சில நாட்களை ஒதுக்கிவிடலாம். பின்னர் காட்டின் மேலும் வெளியின் மேலும் முதல் மேகம் தோன்றும் நேரத்தைக் குறிக்கவும்; நண்பகல் மேகப் பரப்பைவிட இந்த நேரமே தெளிவான அளவு, ஏனெனில் மேகங்கள் பெருகிய பின் அவற்றின் நிழலே தரைவெப்பத்தை மாற்றத் தொடங்கிவிடும். இரு பரப்புகளுக்குமான நேர இடைவெளி, வலுத்த காற்று நாட்களில் மெலிந்த நாட்களைவிடக் கூடினால் உராய்வின் பங்கு உண்டு என்று கொள்ளலாம். இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால், காரணத்தை நீர்விடுதலிலும் தரை வெயிலை வாங்கும் அளவிலும் தேட வேண்டும். வலுத்த காற்றில் மேகங்கள் பிறந்த இடத்திலேயே நிற்காது என்பதால், காட்டின் எல்லையிலிருந்து காற்றுப் போகும் பக்கம் சில கிலோமீட்டர் தள்ளியும் அளந்து பார்க்கவும். விநாடிக்கு 8 மீட்டர் காற்றில் 20 நிமிடம் வாழும் ஒரு சிறு திரள் மேகம் அதற்குள் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும்.